மாந்தோப்பில் முளைத்தவை

ஆரணியில் எங்கள் வீட்டில் அவர் தறியில் உட்கார, நான் தார் சுற்ற, பொழுது பறந்துவிடும். படவேட்டுப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன மாந்தோப்பு உண்டு. அதைக் கவனிப்பது என் மாமியார்தான். எழுபது வயதாகியும் வாரம் இரண்டு நாள் பஸ் ஏறிப் போய்விடுவார்.

நாமெல்லாம் களை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். அத்தையோடு தோப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் விஷயம் வேறு. கிழட்டு மரங்களின் அடர்ந்த நிழலில் புல்கூட அதிகம் முளைக்காது. நிழல் முடிகிற விளிம்பில் கீழாநெல்லியும் குப்பைமேனியும். வாய்க்கால் ஓரம் பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, கூடவே பிடுங்கப் பிடுங்க வரும் கோரை. எரு கொட்டிய இடத்தில் தொய்யக்கீரையும் சாரணையும். வெயில் காய்கிற மேட்டில் நெருஞ்சி, மூக்கிரட்டை. பாதி எங்கள் அடுப்புக்கு வரும், மீதி ஆட்டுக்கு.

வண்டிப் பாதை ஓரமாக நுழைந்து, நடுத்தோப்பு வரை வந்துவிட்டது பார்த்தீனியம். இது நம் ஊர்ச் செடியே அல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950களில் பூனாவில் கண்டுபிடித்தார்கள். இறக்குமதிக் கோதுமையோடு வந்ததாகச் சொல்வார்கள். ஒரே செடி 15,000 விதைக்கு மேல் உதிர்க்குமாம்! இதைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984ல் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் அது நன்றாகத்தான் தின்கிறது. கோடையில் ஆளைக் காணோம்.

போன வருஷம் அத்தைக்குக் கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துச் சிவந்து, ராத்திரி பூரா சொறிச்சல். சேலைச் சாயம் என்று நினைத்தோம். தோல் டாக்டர் பார்த்தீனியம் என்றார். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் லேசில் விடாதாம். காய்ந்த செடியின் தூசியே போதுமாம்.

உடனே என் மச்சாண்டார், "எல்லாத்தையும் மருந்து அடிச்சுக் கருக்கிடலாம்" என்றார்.

"அப்புறம் கீரைக்கு நான் எங்கேடா போவேன்? ஆடு எதைத் தின்னும்?" என்றார் அத்தை.

எனக்கும் மனசு ஒப்பவில்லை. கிளைஃபோசேட் களைக்கொல்லியைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள்தான் அடிக்க வேண்டும் என்று 2022ல் மத்திய அரசே அறிவித்திருக்கிறது. "கீரை பறிக்கிற இடம் மாமா, வேண்டாம்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் கேட்டுக் கொண்டார்.

ஆடி மழையில் மண் இளகியதும், பூ விடுமுன், கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தீனியத்தை மட்டும் வேரோடு பிடுங்கினோம். கையுறை, மூக்கில் துணி, முழுக்கைச் சட்டை கட்டாயம். பூக்காத செடியைக் குழியில் போட்டு எருவாக்கலாம். உப்புக் கரைசல் தெளித்தாலும் கருகும்; அது தரிசுக்கும் சாலையோரத்துக்கும்தான், மரத்தடிக்கு ஆகாது. பிடுங்கிய இடத்தைச் சும்மா விடாமல் கொழுஞ்சி விதைத்திருக்கிறோம்.

அத்தைக்குத் தடிப்பு பாதி அடங்கியிருக்கிறது. வாய்க்கால் பக்கம் மட்டும் போகலாம், வந்ததும் குளித்து, துணியைத் தனியே அலச வேண்டும் என்பது வீட்டில் போட்ட சட்டம். பிள்ளையின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவை மேல் மாட்டிக்கொண்டு முந்தாநாள்கூடக் கிளம்பிவிட்டார்.