நான்கு ஜிபி எல்லையின் பூர்வீகம்

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் நிறுவியவருக்கு அடுத்து வரும் கேள்வி, இரண்டும் பயன்படுத்தப்போகும் பொது பார்ட்டிஷனை எந்தக் கோப்பு முறைமையில் ஃபார்மட் செய்வது என்பதுதான். ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்கள். ஃபேட்32-ஐ எடுத்தவர் சீக்கிரமே ஒரு தடையில் முட்டிக்கொள்வார். 4 ஜிபியைத் தாண்டிய வீடியோ எதையும் அதில் காப்பி செய்ய முடியாது. பார்ட்டிஷனில் 200 ஜிபி காலியாகக் கிடந்தாலும், கோப்பு பெரிது என்றே பதில் வரும். அந்த எல்லையை வைத்தது யார், எதற்காக என்று தேடிப் போனால், ஹார்டு டிஸ்க் வீடுகளுக்கு வந்திராத காலத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

1977-இல் மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய மார்க் மெக்டொனால்ட், பில் கேட்ஸுடன் கலந்து பேசி, என்சிஆர் நிறுவனத்துக்கான பேசிக் மொழிப் பதிப்புக்காக ஃபிளாப்பியில் கோப்புகளைப் பதியும் முறை ஒன்றை வகுத்தார். வட்டைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு கோப்பின் இந்தத் துண்டுக்கு அடுத்த துண்டு எது என்பதை ஓர் அட்டவணையில் எழுதிவைப்பதே அந்த முறை. அந்த அட்டவணைதான் ஃபேட். டிம் பேட்டர்சன் 1980-இல் 86-டாஸ் என்ற இயங்குதளத்தை எழுதியபோது இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டார். மறு ஆண்டு மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்க, ஐபிஎம் பிசியுடன் அது உலகெங்கும் போனது.

எல்லையின் வேர் அந்த அட்டவணையில் இல்லை. கோப்புறைப் பதிவில் இருக்கிறது. டாஸில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் நீளத்தில் ஒரு பதிவு உண்டு. முதல் 8 பைட்டில் பெயர், அடுத்த 3 பைட்டில் பின்னொட்டு, 1 பைட்டில் கோப்பின் தன்மை. நேரத்துக்கு 2 பைட், தேதிக்கு 2 பைட். கடைசி 4 பைட்டில் கோப்பின் அளவு. 4 பைட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. தடை அங்கேதான் இருக்கிறது. ஐபிஎம் பிசியின் முதல் ஃபிளாப்பியில் மொத்தமே 160 கேபிதான் கொள்ளும். அதைப் போல் 26,000 மடங்குக்கும் மேலான அளவுக்கு அன்றே இடம் விட்டவர்களைக் குறுகிய நோக்கு உடையவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 1996-இல் ஃபேட்32 வந்தபோது அட்டவணையின் எண்கள் பெரிதாக்கப்பட்டன. கோப்புறைப் பதிவில் அளவுக்கான இடம் மட்டும் பழைய 4 பைட்டிலேயே விடப்பட்டது. எல்லையும் அப்படியே தங்கிவிட்டது.

அதே பதிவில் இன்னொரு குறையும் இருக்கிறது. நேரத்துக்கான 16 பிட்டில் மணிக்கு 5, நிமிடத்துக்கு 6 போக, வினாடிக்கு 5 பிட்தான் மிஞ்சுகிறது. அதில் 0 முதல் 31 வரைதான் எண்ண முடியும் என்பதால் நேரம் இரண்டிரண்டு வினாடியாகவே பதிகிறது. லினக்ஸிலிருந்து ஆர்சிங்க் மூலம் இந்தப் பார்ட்டிஷனுக்குப் பிரதி எடுப்பவருக்கு, மாறாத கோப்புகளும் மாறியவையாகத் தெரிவது இதனால்தான்.

விண்டோஸின் இன்னொரு முறையான என்டிஎஃப்எஸ், 1993-இல் விண்டோஸ் என்டி 3.1-உடன் வந்தது. கோப்புறையிலோ பெயரிலோ மாற்றம் செய்யும் முன் அதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் ஜர்னல் வசதி இதில் உண்டு. நடுவில் மின்சாரம் போனாலும் முறைமையின் அமைப்பு குலையாமல் மீள்கிறது. ஆனால் இதன் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் முழுமையாக வெளியிடவில்லை. லினக்ஸ் நிரலாளர்கள் வட்டில் கிடக்கும் பைட்டுகளை ஆராய்ந்தே அதைக் கண்டறிய வேண்டியிருந்தது. படிக்க முடிந்த பிறகும், நம்பி எழுதப் பல ஆண்டுகள் பிடித்தன. என்டிஎஃப்எஸ்-3ஜி நிரலின் நிலையான பதிப்பு 2007-இல் வந்தது. பாராகான் நிறுவனம் அளித்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர் 2021-இல்தான் லினக்ஸ் கெர்னல் 5.15-இல் சேர்ந்தது.

எக்ஸ்ஃபேட்டின் கதையில் தடையாக நின்றது சட்டம். 2006-இல் விண்டோஸ் சிஇ 6.0-உடன் வந்த இந்த முறை 4 ஜிபி எல்லையை நீக்கியது. 2009-இல் அறிவிக்கப்பட்ட எஸ்டிஎக்ஸ்சி மெமரி கார்டுகளுக்கு இதுவே முறையாக விதிக்கப்பட்டதால் கேமராக்களில் பரவலாகப் புகுந்தது. ஆனாலும் லினக்ஸ் கெர்னலுக்குள் வர முடியவில்லை. ஃபேட்டில் நீண்ட பெயர்களைப் பதியும் உத்திக்கான காப்புரிமையை வைத்து, லினக்ஸில் இயங்கும் வழிகாட்டிக் கருவிகளைத் தயாரித்த டாம்டாம் நிறுவனத்தின் மீது 2009-இல் மைக்ரோசாஃப்ட் வழக்குப் போட்டிருந்தது. எக்ஸ்ஃபேட்டுக்கும் காப்புரிமை இருந்ததால் தயக்கம் இயல்பானதே. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஃபேட்டின் விவரக்குறிப்பை வெளியிட்டு, லினக்ஸில் சேர்ப்பதை ஆதரித்தது. 2020-இல் சாம்சங் எழுதிய டிரைவர் கெர்னல் 5.7-இல் இடம்பெற்றது. ஆக, இரு இயங்குதளங்களுக்கும் ஒரு முறை பொதுவாக அமைவதை இதுவரை தீர்மானித்தது அதன் தொழில்நுட்பத் தரம் அல்ல. உள்ளமைப்பு வெளியே தெரிந்திருந்ததும், அதைப் பயன்படுத்தும் உரிமை இருந்ததும்தான். யூஈஎஃப்ஐ கணினிகளில் விண்டோஸின் பூட் நிரலும் லினக்ஸின் பூட் நிரலான கிரப்பும் இன்றும் ஒரே ஃபேட் பார்ட்டிஷனில் அருகருகே இருப்பதற்குக் காரணமும் அதுவே.

லினக்ஸின் சொந்த முறையான எக்ஸ்ட்4-ஐப் பொதுவாக வைத்தால் என்ன என்றும் கேட்கலாம். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் அதைத் தானாகத் திறக்காது என்பதே முதல் தடை. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. எக்ஸ்ட்4-இல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் செலவாகிறது. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துப் பெயர் ஐந்து குறியீடுகளாகி 15 பைட்டை எடுத்துக்கொள்ளும். 85 குறியீட்டில், ஏறக்குறைய 50 எழுத்தில், பெயர் முடிந்துவிட வேண்டும். என்டிஎஃப்எஸ்ஸோ 255 குறியீடுகளுக்கு இடம் தருகிறது. விண்டோஸில் கட்டுரையின் முழுத் தலைப்பையும் கோப்புப் பெயராக வைத்தவர், அதை எக்ஸ்ட்4-க்குக் காப்பி செய்யும்போது பெயர் நீளம் என்ற பிழையைச் சந்திப்பார். மறுபக்கம், கேள்விக்குறியோ முக்காற்புள்ளியோ உள்ள பெயரை லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. பொது பார்ட்டிஷனில் இந்தக் குறிகளைத் தவிர்ப்பதே நல்லது.

என்டிஎஃப்எஸ்ஸை எடுப்பவர் மறக்கக் கூடாதது ஒன்று. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இயங்கும்போது, ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. கெர்னலின் நிலையை வட்டில் சேமித்து உறங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதே பார்ட்டிஷனில் எழுதினால் தரவு சிதையக்கூடும். அதனால்தான் லினக்ஸ் பல நேரம் அதைப் படிக்க மட்டும் திறக்கிறது. கட்டாயப்படுத்தி எழுதத் திறக்கக் கூடாது. விண்டோஸின் பவர் அமைப்பில் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். பழுது பார்க்க விண்டோஸின் செக்டிஸ்க்தான் முழு வழி. லினக்ஸின் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் சில்லறைப் பிழைகளை மட்டுமே திருத்தும்.

எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் இல்லை. எழுதும்போது மின்சாரம் போனால் கோப்புகள் பாழாகும் வாய்ப்பு அதிகம். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினிக்கு அது ஏற்றதல்ல. ஆகவே, விண்டோஸ் நிரந்தரமாக இருக்கப்போகும் கணினியின் உள் டிஸ்க்கில் பொது பார்ட்டிஷனுக்கு என்டிஎஃப்எஸ்ஸே சரி. பென் டிரைவ், கேமரா கார்டு போல் கைமாறுபவற்றுக்கு எக்ஸ்ஃபேட் போதும். ஃபேட்32-ஐ பூட் பார்ட்டிஷனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.