காப்பும் கணக்கும்

தமிழில் சிற்றிலக்கிய வகைகள் தொண்ணூற்றாறு என்பது மரபு. அவற்றுள் மாணவர் மனத்தில் எளிதில் இடம்பிடிப்பது பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழு பருவங்களும் இருபாலுக்கும் பொது. இறுதி மூன்று ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும் என்று பதினெட்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைக்குப் பாடிய பிள்ளைத்தமிழையும், இசுலாமியப் புலவர்கள் நபிகள் நாயகத்தின் மீதும் இறைநேசர்கள் மீதும் பாடியவற்றையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டு நடத்துவது எனக்கு மிகவும் உவப்பான பணி. பருவங்களின் மாதக் கணக்கில் பாட்டியல் நூல்களிடையே வேறுபாடு உண்டெனினும், மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஒன்பதில் சப்பாணி என்பது பெருவழக்கு.

எனது நாற்பத்திரண்டாம் வயதில், திருமணமாகிப் பதினோராண்டுகள் கழித்து, இறைவன் எனக்கு ஒரு பெண் மகவை அருளினான். அதன்பிறகு பிள்ளைத்தமிழை எடுத்துப் படித்தபோது அது கவிதையாக மட்டும் தோன்றவில்லை. எந்த மாதத்தில் குழந்தை தலை நிமிரும், எந்த மாதத்தில் கைகொட்டும் என்று நம் முன்னோர் கூர்ந்து நோக்கி வரைந்த வளர்ச்சி அட்டவணையாகவே அது தோன்றியது. ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. பாட்டுடைத் தலைவனோ தலைவியோ இரவு இரண்டு மணிக்கு வீறிட்டு அழுவதாக நான் படித்த பிள்ளைத்தமிழ் எதிலும் இல்லை. தால் பருவத்தில் புலவர் பாடிய உடனே குழந்தை உறங்கிவிடுகிறது போலும்! தல்லாகுளத்தில் எங்கள் தெருவில் அவ்வாறு நடப்பதில்லை.

முதுமையை நெருங்கும் காலத்தில் தாயாகிறவளுக்கு முதலில் வந்து நிற்பது ஓர் எளிய கூட்டல் கணக்கு. என் மகள் இளங்கலைப் பட்டம் பெறும்போது எனக்கு வயது அறுபத்துமூன்று. என் தாயார் ஐம்பத்தெட்டாம் வயதில் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதுற்று மறைந்தார். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த நாள் முதல், உடல்நலம் என்பது எனக்குப் பொது அறிவுச் செய்தியாக இல்லாமற் போயிற்று.

கருவுற்ற தொடக்கத்தில் மருத்துவமனையில் 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்தார்கள். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது கர்ப்பகால நீரிழிவு. இந்த எளிய முறையை நாட்டுக்கு வழங்கியவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷையா. கருவுற்ற பெண்ணை வெறும் வயிற்றுடன் பேருந்தேறி வரச் சொல்வதும், ஒருமுறை வந்து சென்றவளை மறுநாளும் வா என்பதும் நம் ஊர்களில் நடவாத காரியம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். தமிழகத்தில் 2007ஆம் ஆண்டிலேயே கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் இப்பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. அவர் பிறந்த நாளான மார்ச்சு 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. முதல் பரிசோதனையில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆறாம் மாதத்தில் மீண்டும் பார்த்தபோது 162 இருந்தது. தாயாரின் முகம் நினைவில் வந்தது.

உணவைப் பிரித்து உண்ணுதல், அரிசியைக் குறைத்தல், மாலையில் காந்தி நினைவு அருங்காட்சியகம் வரை நடந்து வருதல் ஆகியவற்றால் அது கட்டுக்குள் வந்தது. ஆயினும் பிள்ளை பிறந்ததும் இந்நோய் விலகிவிட்டது என்று எண்ணிப் பரிசோதனையைக் கைவிடுவோரே மிகுதி. இது வந்தவர்க்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பல மடங்கு கூடுதல். பிரசவத்திற்குப் பின் ஆறாம் வாரத்தில் ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இதைப் படிக்கும் மாணவியர் தம் அக்காமாரிடமும் அண்ணியரிடமும் இச்செய்தியைச் சொன்னால் நன்றியுடையவளாவேன். எனக்கு ஆறாம் வாரத்தில் 128 இருந்தது. அதைத் தாளில் பார்த்துவிட்டு, கோரிப்பாளையத்திலிருந்து வீடு வரை நடந்தே வந்தேன்.

அந்த ஆறு வாரம் என்பதைப் பற்றி ஒரு சொல். எங்கள் மாமி நாற்பது நாள் என்னை வாசற்படி தாண்ட விடவில்லை. பூண்டும் மிளகும் சுக்குமாகப் பத்தியச் சோறு போட்டார், வெந்நீர் வைத்தார், பிள்ளையைக் குளிப்பாட்டுவதைத் தவிர வேறொரு வேலையை எவரிடமும் விட்டுக்கொடுக்காதவர், அதையும் தாமே எடுத்துக்கொண்டார். மருத்துவ நூல்கள் பேறுகாலத்திற்குப் பிந்திய காலம் என்று வரையறுப்பது 42 நாள்கள். மாமிக்கும் மருத்துவ நூலுக்கும் இடையே இரண்டே நாள் வேறுபாடு.

எல்லாவற்றிலும் இத்தகைய உடன்பாடு இருந்தது என்று சொல்ல முடியாது. ஏழாம் நாள் முடியிறக்கியதும் மாமி உரைகல்லை எடுத்தார். கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு, வசம்பு ஆகியவற்றை இழைத்துப் பிள்ளை நாவில் தடவுவது எங்கள் குடும்ப வழக்கம். சிறிது தேனும் உண்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை என்றும், ஓராண்டு நிறையும் முன் தேன் கொடுத்தலே ஆகாது என்றும், அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம் என்றும் செவிலியர் தெளிவாகச் சொல்லியிருந்தார். “ஆறு பிள்ளை வளர்த்தவ நான், எனக்கு இந்தப் புள்ள பாடம் சொல்லுதா?” என்று மாமி கேட்டார். நான் வாதாடவில்லை. “மாமி, ரெண்டு வருசம் முழுசாப் பால் கொடுக்கிறதப் பத்தி குர்ஆன்லயே சொல்லியிருக்கு. மொத ஆறு மாசம் அது மட்டும் போதும்னு சொல்றாங்க. அது வரைக்கும் பொறுங்க” என்றேன். உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரையும் அதுவே: ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவுடன் இரண்டாண்டோ அதற்கு மேலோ. தாயின் நீரிழிவு வாய்ப்பையும் பாலூட்டுதல் குறைக்கிறது என்பதால் எனக்கு அது இருமடங்கு ஆதாயம். மாமி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வசம்பைத் துண்டுகளாக்கிக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் பிள்ளையின் கையில் காப்பாகக் கட்டிவிட்டார். வசம்பிற்குப் ‘பேர் சொல்லா மருந்து’ என்றும் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றும் பெயர்கள் உண்டு. வயிற்றுக்குள் போகாத வரையில் அது இருந்துவிட்டுப் போகட்டும். குழந்தை கையை வாயில் வைக்கத் தொடங்கிய மாதத்தில் மாமியே அதை அவிழ்த்துவிட்டார்.

தடுப்பூசியில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை எழவில்லை. மாமியின் தம்பி ஒருவர் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பி வாழ்ந்தவர். இந்தியா 2014ஆம் ஆண்டு மார்ச்சு 27 அன்று போலியோ அற்ற நாடென்று சான்றளிக்கப்பட்டதை மாணவர்கள் தேர்வு விடையாக அறிவர். மாமி அதைத் தம் தம்பியின் காலாக அறிவார். ஒரே ஊசியில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட் மருந்து நாட்டிலேயே முதன்முதலாக 2011 டிசம்பரில் தமிழகத்திலும் கேரளத்திலும்தான் தொடங்கப்பட்டது. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் அதனை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போட்டார்கள். புதன்கிழமை ஊசி நாள்.

இனிப் பணம். நம் கட்டுரைகளில் இதை எழுதக் கூச்சப்படுகிறோம்; வீட்டில் இதைப் பற்றியே பேசுகிறோம். நான் சுயநிதிப் பிரிவு விரிவுரையாளர். என் கணவர் சிறிய அச்சகம் நடத்துபவர். திருமண மாதங்களில் பத்திரிகை அச்சடிப்பால் வருவாய் உண்டு. மற்ற மாதங்களில் வாடகைக்கு நிற்கும். 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் மகப்பேற்று விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது பெரும் பேறு. விடுப்பில் ஊதியம் வந்தது. விடைத்தாள் திருத்தும் பணமும் வார இறுதி வகுப்புப் பணமும் வரவில்லை. அவை நின்ற பிறகே, எங்கள் வீட்டின் பால் கணக்கும் மின் கட்டணமும் அவற்றால் ஓடிக்கொண்டிருந்தன என்பது புலப்பட்டது.

எனவே ஒரு நாற்பது பக்க ஏட்டை எடுத்து, இஷாத் தொழுகைக்குப் பின் பத்து நிமிடம் அன்றன்றைய செலவை எழுதலானோம். நான் எழுதுவேன்; அவர் சொல்வார். முதல் மாதக் கணக்கில் பெரிய செலவாக வந்தது வாடகை அன்று, நகைக்கடன் வட்டி. பதினோராண்டுச் சிகிச்சையில் என் தாயார் எனக்கு இட்ட ஆறு பவுன் காப்புகள் அடகுக்குப் போயிருந்தன. வட்டி வாங்குவது மட்டுமன்று, கொடுப்பதும் நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை இம்மலரின் பெரியோர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நடுத்தரக் குடும்பங்களில் அது எவ்வாறு ஓசையின்றி நுழைகிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நோயும் பேறும் ஆகிய இரண்டு கதவுகளின் வழியே அது வருகிறது. எங்கள் மகல்லாவின் பைத்துல்மாலில் 60,000 ரூபாய் வட்டியில்லாக் கடனாகக் கிடைத்தது. மாதம் 3,000 வீதம் இருபது தவணை. அச்சகத்தின் பழைய வெட்டும் எந்திரத்தை விற்ற பணத்தையும் சேர்த்து நகைகளை மீட்டோம். மாதம்தோறும் வட்டியாகப் போன தொகையோடு சிறிது சேர்த்தால் தவணை அடைபடுகிறது. ஊர்தோறும் பைத்துல்மால்கள் திருமண உதவிக்கும் கல்வி உதவிக்கும் முன்வருகின்றன. பேறுகாலக் கடனுக்கென ஒரு பகுதியை ஒதுக்கினால் எத்தனையோ வீட்டுக் காப்புகள் வீட்டிலேயே இருக்கும் என்பது என் பணிவான கருத்து.

அரசின் உதவியையும் குறிப்பிட வேண்டும். எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் அதே ஆண்டில் பிள்ளை பிறந்தது. 1987இல் தொடங்கி இன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கி நிற்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் அவளுக்கு உதவி கிடைத்தது. 2018 முதல் அதன் மொத்த மதிப்பு 18,000 ரூபாய். அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும். படிவத்தை நிரப்பித் தந்தது நான். தமிழ்த்துறை ஆசிரியர்க்குத் தெருவில் கிடைக்கும் மரியாதை பெரும்பாலும் இத்தகைய படிவங்களால்தான்.

பிறப்பைப் பதிவு செய்ய 21 நாள் கெடு. பெயர் வைப்பதில் குடும்பத்தில் இழுபறி இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. பெயரின்றிப் பதிந்து, ஓராண்டிற்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்தோர்க்குப் பள்ளியில் சேரவும் கடவுச்சீட்டு பெறவும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் ஆகிவிட்டதால் எழுத்துப் பிழையில்லாமல் வாங்குவது நலம். ஆசிரியரின் மகள் பெயரில் ஒற்றுப்பிழை வரலாமா என்று கணவர் கேலி செய்தார்.

தல்லாகுளம் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தின் படிவம் வாங்கி வைத்திருக்கிறேன். 2015இல் தொடங்கிய திட்டம். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை பெயரில் ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், கூடினால் ஒன்றரை இலட்சம். 15 ஆண்டு கட்டினால் கணக்குத் தொடங்கி 21 ஆண்டில் முதிர்வு. வட்டியை வைத்து வளரும் பணம் நமக்கு வேண்டாம் என்கிறார் கணவர். மகளின் படிப்புக்காக அரசிடம் ஒப்படைக்கும் சேமிப்பு இது, கடன் கொடுத்து ஏழையைச் சுரண்டுவதன்று என்கிறார் என் அண்ணன். ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். அவர் கணவரின் பக்கம். முடிவாகும் வரை, மாதம் ஒரு தொகையை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒருமுறை தங்க நாணயமாக்குவது என்று ஏட்டில் எழுதியிருக்கிறோம். படிவம் அந்த ஏட்டினுள்ளேயே இருக்கிறது.

அன்றாட ஒழுங்கைப் பொறுத்தவரை, ஐவேளைத் தொழுகையே எங்கள் வீட்டின் மணிக்கூண்டு. பஜ்ருக்கு எழுந்ததும் நான் அரை மணி நேரம் நடந்துவிட்டு வருவேன். அதுவரை பிள்ளை அதன் அத்தாவிடம். அசருக்குப் பின் குளியல், மக்ரிபுக்குப் பின் விளக்கைத் தணித்துத் தாலாட்டு. நள்ளிரவுக்கு முந்திய அழுகை கணவருடையது, பிந்தியது என்னுடையது என்று பங்கீடு. தூக்கம் நான்கு மணி நேரமாவது தொடர்ந்து கிடைத்தால் வகுப்பில் சொல் தடுமாறுவதில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தொட நேரமில்லை. நான் பெற்ற எம்.பில். பட்டமே பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளால் வழக்கொழிந்துவிட்டது. அதற்கு நேரம் வரும்.

இப்போது மகளுக்கு எட்டு மாதம் முடிந்திருக்கிறது. ராகிக் கூழும் குழைத்த பருப்புச் சோறும் உண்கிறாள். சப்பாணி கொட்டத் தொடங்கிவிட்டாள். பாட்டியல் நூலார் கணக்கில் ஒரு மாதம் முன்னதாகவே! ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி. அது வரும் புதன்கிழமை மூன்றாமாண்டு மாணவியர்க்குச் சிற்றிலக்கிய வகுப்பு இருக்கிறது. கணவரும் மாமியும் கொண்டுசெல்வதாக ஏற்பாடு. ஊசி அட்டை மாமியின் தகரப் பெட்டியில், அவர் உம்ராவுக்கென எடுத்து வைத்திருக்கும் கடவுச்சீட்டோடு இருக்கிறது. அதை என்னிடம் தர அவருக்கு இன்னும் மனம் வரவில்லை.