தண்ணீரை அளந்து குடித்த மூன்று நாட்கள்

அடிலெய்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கு 2023 ஜூலையில் நானும் இவரும் போயிருந்தோம். குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை. "அக்கா, இந்த வாட்டி கடை, பார்க் எல்லாம் கிடையாது. பாலைவனப் பக்கம் போய் கூடாரம் போட்டுத் தங்கப் போறோம்" என்றாள் தங்கை. நாற்பத்தாறு வயதில் எனக்குக் கூடாரமா என்று சிரிப்புத்தான் வந்தது.

நாலு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டி. பெரியவர்கள் நாலு பேர், குழந்தைகள் இரண்டு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று மண் பாதையில் மூன்று நாளுக்குக் கணக்குப் போட்டு, 20 லிட்டர் கேன் ஐந்து ஏற்றினோம். வழியில் ஆழ்துளைக் கிணறுகள் உண்டு. ஆனால் பல இடங்களில் தண்ணீர் உப்புக் கரிக்குமாம். சமையல் பொறுப்பு என்னுடையது. குக்கர், ரவை, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எல்லாம் ஒரு பெட்டியில்.

முதல் இரவு ஹாக்கரில். மறுநாள் மாரி என்ற சிற்றூர். அங்கிருந்துதான் ஊட்னடாட்டா பாதை தொடங்குகிறது. 600 கிலோ மீட்டருக்கும் மேல் மண்ணும் கூழாங்கல்லும்தான். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுத்தான் கிளம்பினார்கள். ரயிலுக்கு முன்பு இங்கெல்லாம் சாமான் சுமந்தவை ஒட்டகங்கள். ஓட்டியவர்கள் ஆஃப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் தொழுத மசூதியின் மாதிரியை மாரியில் கட்டி வைத்திருக்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்தவர்கள் எதைச் சமைத்துச் சாப்பிட்டார்களோ என்றுதான் என் புத்தி போயிற்று! 1980 வரை ஓடிய பழைய கான் ரயிலின் தண்டவாளத் தடம் பாதையோடு கூடவே வருகிறது.

வழியில் காட்டி தண்டா - ஏர் ஏரியின் தெற்குப் பாகத்தைப் பார்த்தோம். கடல் மட்டத்துக்கும் சுமார் 15 மீட்டர் கீழே இருக்கும் ஏரி. தண்ணீர் எப்போதாவதுதான் வருமாம். நாங்கள் பார்த்தது கண் கூசும் வெள்ளை உப்பு. அரபானா பழங்குடி மக்களின் பூமி இது. கொஞ்ச தூரத்தில், பூமிக்கு அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வரும் ஊற்றுகளையும் பார்த்தோம். சுற்றிலும் பொட்டல், நடுவே குமிழி விடும் நீர்!

அன்றிரவு கவார்ட் ஸ்பிரிங்ஸில், பேரீச்சை மரங்களுக்கு நடுவே கூடாரம். பகலில் இதமான வெயில், இரவில் பல் கிட்டும் குளிர். நட்சத்திரங்களைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. நம் ஊர் மொட்டை மாடியில் தெரிவது பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. சாதம் வைக்க வழக்கம்போல அரிசியை மூன்று தண்ணீர் களைந்தேன். "ஐயோ அக்கா, ஒரு தண்ணி போதும்!" என்று தங்கை ஓடி வந்தாள். அந்த ரோஷத்தில் கேனின் மூடியைச் சரியாகத் திருகாமல் சாய்த்து வைத்துவிட்டேன் போலிருக்கிறது. காலையில் வண்டிக்குள் படுக்கையெல்லாம் ஈரம், கேன் காலி. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அன்றைக்கென்று சின்னவனுக்கு விடியற்காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. வில்லியம் கிரீக் போகும் வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை மாட்டி அரை மணி கூட ஆகவில்லை, கல் குத்தி அதுவும் போயிற்று. கைபேசியில் சிக்னலே இல்லை. இவர், "நான் நடந்து போய் யாரையாவது கூட்டி வரேன்" என்று கிளம்பினார். தங்கை வீட்டுக்காரர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "வேண்டாம் அண்ணா. இங்கே வண்டியை விட்டுப் போனவங்கதான் செத்திருக்காங்க. வண்டி இருந்தா தேடுறவங்க கண்ணில் படும்."

காத்திருந்தோம். ஸ்டவ்வைப் பற்ற வைத்து ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினேன். ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி அளந்து போட்டேன். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. இளம் தாய்மார்கள் இந்த அளவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மருந்துக் கடையில் விற்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலம் இன்னும் நல்லது. அது எங்கள் பெட்டியில் இல்லாதது எங்கள் தப்பு. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினேன். "பெரியம்மா, போதும்" என்று முகத்தைத் திருப்புவான், விடமாட்டேன். சிறுநீர் போகிறானா, அழுதால் கண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியவர்கள் நாங்கள் மடக்கு மடக்காகத்தான் குடித்தோம்.

இரண்டு மணி நேரம் கழித்துத் தூரத்தில் புழுதி தெரிந்தது. கேரவனோடு ஒரு வயதான தம்பதி. அந்த அம்மாள் முதலில் கேட்டது, "தண்ணீர் இருக்கிறதா?" என்றுதான். அவர் கணவர் டயர் ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்துக் கொடுத்தார். அதற்குள் பையன் ஒருமுறை சிறுநீர் கழித்துவிட்டான். எனக்குப் போன உயிர் வந்தது.

அந்த அம்மாள் பேச்சுவாக்கில் சொன்ன விஷயம் இது. தொலைதூரப் பண்ணை வீடுகளில் பறக்கும் டாக்டர் சேவையின் மருந்துப் பெட்டி இருக்குமாம். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண். டாக்டர் போனில் எண்ணைச் சொன்னால் வீட்டுப் பெண்மணி எடுத்துக் கொடுப்பாளாம். 1928ல் ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் ஆரம்பித்த சேவை.

அன்றிரவு வில்லியம் கிரீக்கில் குழந்தைக்குக் கஞ்சி. மறுநாள் கூபர் பெடி. ஓப்பல் கல் தோண்டும் ஊர், வெயிலுக்குப் பயந்து பாறைக்குள்ளேயே வீடு குடைந்து வாழ்கிறார்கள். நாங்களும் அப்படி ஒரு அறையில்தான் தங்கினோம். சின்னவன் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டான். குழாயைத் திறந்தேன், தண்ணீர் கொட்டியது. அரிசியை ஒரு தண்ணீர் மட்டும் களைந்து குக்கரில் வைத்தேன்.