லுணுவிலைத் தென்னையும் நம் வகுப்பறையும்

சிலாபத்தில் ரயிலேறி, மாதம்பை, நாத்தாண்டி கடந்து லுணுவிலையில் இறங்கி, 1929-இல் ஆராய்ச்சித் திட்டமாக ஆரம்பிக்கப்பெற்றுப் பின்னர் தெங்கு ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்த அந்த விசாலமான பண்டிரிப்புவைத் தோட்டத்தினுள் நுழைந்தபோது, தென்னையின் நிழலிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் அம்மரத்தைப் பற்றி அறிய வேண்டியது எவ்வளவோ உண்டென்பது சிறிது நேரத்திலேயே விளங்கிற்று.

அங்கே ஒரு தொழிலாளி, குட்டைத் தென்னையொன்றில் ஏணியைச் சார்த்தி, அப்போதுதான் வெடித்த பாளையின் முன் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு கதிரிலும் அடியில் கொட்டைப்பாக்களவில் ஒன்றிரண்டு பெண் பூக்கள். அவற்றின் மேல் நுனிவரை ஆண் பூக்கள். நுனிப்பாகத்தைக் கத்தரித்துவிட்டு, எஞ்சிய ஆண் பூக்களை விரல்களால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார். நெட்டைத் தென்னையில் பெரும்பாலும் ஆண் பூக்களின் காலம் முடிந்த பின்பே பெண் பூக்கள் பக்குவமடைவதால் அயல் மகரந்தம் தேவைப்படுகிறது. குட்டையிலோ இரண்டும் ஒரே காலத்தில் விரிவதால், விட்டுவிட்டால் அது தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும். “ஒரு பூ தப்பினாலும் மோசம், மாஸ்டர்” என்று கீழே பாராமலே சொன்னார். பின்னர் பாளையைப் பையால் மூடினார். பெண் பூவின் நுனி விரிந்து தேன் கசியும் நாளில், நெட்டை மரத்தின் மகரந்தத்தை மாவுடன் கலந்து தூவுவார்களாம். தேங்காய் முற்ற அதன் பின் ஏறக்குறைய ஓராண்டு செல்லும்.

நெட்டையின் பருத்த காயையும், மூன்று நான்கு ஆண்டுகளிலேயே காய்க்கும் குட்டையின் விரைவையும் ஒரே சந்ததியில் இணைப்பதே இவ்வளவு சிரமத்திற்கும் காரணம். பழைய சென்னை மாகாணத்து நீலேசுவரத்தில் 1932-இல் ஜே. எஸ். படேல் இக்கலப்பைச் செய்து அதன் வீரியத்தை உலகறியச் செய்தார். இங்கே 1955-இல் அம்பகெலையில் தனித்த விதைத் தோட்டம் ஸ்தாபிக்கப்பட்டது; பச்சைக் குட்டையையும் நெட்டையையும் இணைத்துப் பெற்ற சி.ஆர்.ஐ.சி. 65 என்னும் இனம் பின்னர் நாடெங்கும் பரவிற்று.

நுவரெலியாவில் விளையும் ஸ்ட்ராபெரியின் வரலாறும் கலப்பின் வரலாறே. 1714-இல் பிரேசியே என்பவர் சிலி நாட்டிலிருந்து கொணர்ந்த செடி, வட அமெரிக்க இனத்துடன் பிரெஞ்சு மண்ணில் கூடியதன் விளைவு அது. ஆயினும் அதில் நல்ல செடி ஒன்று கிடைத்துவிட்டால், படர்கொடி வேரூன்றித் தாயின் குணம் மாறாமலே பெருகிவிடும். தென்னைக்குக் கிளையுமில்லை, ஒட்டுமில்லை, பதியமுமில்லை. வீரியமுள்ள ஒவ்வொரு விதைத் தேங்காய்க்காகவும் அந்தக் கலப்பை மீண்டும் மீண்டும் செய்தாக வேண்டும். ஆராய்ச்சியாளரின் அறிவு ஒருமுறை வழிகாட்டுகிறது. தொழிலாளியின் விரல்களோ ஒவ்வொரு பாளையிலும் அதை மெய்ப்பிக்கின்றன. அவ்விரல்களுக்குரிய மரியாதையை நம் பாடநூல்கள் இன்னும் அளிக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

நாற்றுமேடையில் கண்டது எந்த ஆசிரியனையும் ஈர்க்கும். மஞ்சள் குட்டையைத் தாயாகக் கொண்ட நாற்றுக்களில் மட்டைக் காம்பு மஞ்சளாகவே இருந்தால், அது தன் மகரந்தத்தால் பிறந்தது என்று கழித்துவிடுகிறார்கள்; பச்சையோ கபிலமோ கலந்திருந்தால் அதுவே கலப்பினம். பரம்பரை விதியை இவ்வாறு கண்ணெதிரே காட்டும் பயிர் முற்றத்திலேயே நிற்க, உடப்பிலும் கற்பிட்டியிலும் நம் பிள்ளைகள், தாம் ஒருநாளும் கண்டிராத பட்டாணிச் செடியின் படத்தைக் கொண்டு மெண்டலை மனனம் செய்கிறார்கள். மெண்டலைக் கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் பாளையிலிருந்து தொடங்கிக் கற்பிக்கலாமே.

இக்கரையோரப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களை நான் வேண்டுவது இதுதான்: அடுத்த தவணையில் வெடித்த பாளையொன்றை வகுப்பிற்குக் கொண்டுவந்து, ஆண் பூவையும் பெண் பூவையும் மாணவர் கையிலேயே பிரித்தெடுக்கக் கொடுங்கள், இயன்றால் அனுமதி பெற்று அவர்களை லுணுவிலைக்கு அழைத்துச் சென்று, ஏணியில் நிற்பவரிடம் நேரில் கேட்கச் செய்யுங்கள்.