மார்சேய் நகரில் இரண்டு நாள்

பிரான்சு தேசத்தில் குடியேறி வாழும் நம்மவர்களின் சனி, ஞாயிறுகள் பெரும்பாலும் அவர்களுக்குச் சொந்தமானவை அல்ல. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கோயில் திருவிழா என்று அழைப்பிதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்க, வாடகை மண்டபங்களுக்கும் பாரிஸின் லா சப்பல் கடைத்தெருவுக்கும் இடையிலேயே வருஷங்கள் கழிந்துவிடுகின்றன. உற்றார் உறவினர் கூடிக் களிப்பதை நான் குறைவாக மதிக்கிறவன் அல்லன். அந்நிய மண்ணில் நம்மை நிலைநிறுத்தி வைத்திருப்பதே அந்தப் பந்தம்தான். ஆயினும், ஒரு நாட்டில் வேலை பார்த்து, வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, அந்நாட்டுப் பிரஜையாகவும் ஆகிவிட்ட பிறகு, அதன் ஊர்களில் நமக்குத் தங்க உறவினர் வீடு உள்ள ஊர்களை மட்டுமே அறிந்திருப்பது போதாது என்ற எண்ணம் சில காலமாக என் மனத்தில் வலுத்துவருகிறது. அதனால்தான், உறவினர் எவரும் இல்லாத மார்சேய் நகரத்துக்கு வருகிற அக்டோபரில் குடும்பத்தோடு இரண்டு நாள் போய்வருவதென்று தீர்மானித்திருக்கிறோம்.

பாரிஸிலிருந்து அந்நகரம் ஏறக்குறைய 750 கிலோமீட்டர் தூரம். 2001-ல் தெற்கு நோக்கிய அதிவேக ரயில் பாதை பூர்த்தியானதிலிருந்து, கார் தெ லியோன் நிலையத்தில் ஏறுகிறவர் மூன்றேகால் மணி நேரத்தில் மார்சேயின் சேன் சார்ல் நிலையத்தில் இறங்கிவிடலாம். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு வீடு திரும்புவது சிரமமான காரியம் அன்று. ஜூலை, ஆகஸ்டு விடுமுறை மாதங்களை வேண்டுமென்றே தவிர்த்தோம். அப்போது வெயிலும் ஜனக்கூட்டமும் அதிகம் என்பதோடு, காட்டுத்தீ அபாயத்தை முன்னிட்டு நகரத்துக்குத் தெற்கே உள்ள கலாங்க் என்னும் சுண்ணாம்புப் பாறைக் குடாக்களுக்குப் போகும் வழிகளையும் பல நாள் மூடிவிடுகிறார்கள். அக்டோபரில் வெப்பம் தணிந்திருக்கும். கடல்நீரோ கோடையின் கதகதப்பை இன்னும் இழந்திராது. ரோன் நதிப் பள்ளத்தாக்கின் வழியே வடக்கிலிருந்து சீறிவரும் மிஸ்திரால் காற்று மட்டும் எப்போது எழும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அது பலமாக வீசினால் இஃப் தீவுக் கோட்டைக்குப் படகு போகாது; ஆனால் வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்திருக்கும்.

சேன் சார்ல் நிலையம் ஒரு மேட்டின்மீது இருக்கிறது. வாசலில் நின்றாலே நகரமும், எதிரே குன்றின் உச்சியில் பொன்னிறமாக ஜொலிக்கும் மாதாவும் கண்ணுக்குப் படும். அங்கிருந்து இறங்கும் 104 படிகள் 1920-களில் கட்டி முடிக்கப்பட்டவை. அவற்றின் அடிவாரத்தில், சாய்ந்து கிடக்கும் இரண்டு பெண் உருவங்களை, ஒன்று ஆசியக் குடியேற்ற நாடுகளுக்கும் மற்றொன்று ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளுக்கும் அடையாளமாக வடித்து வைத்திருக்கிறார்கள். உத்தியோக நிமித்தமாக முன்பொரு முறை அங்கே சென்றபோது அவற்றை வேகமாகக் கடந்துபோனேன். இந்தத் தடவை பிள்ளைகளை அங்கே நிறுத்தி, புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த கதையையும், 1954-ல் அந்த ஆட்சி கைமாறியதையும், நம் குடும்பம் எப்படி இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தது என்பதையும் சாவகாசமாகச் சொல்ல வேண்டும் என்பது என் உத்தேசம்.

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்தவர். புதுச்சேரி வழக்கில் சொன்னால் ஒரு சொல்தா. கப்பலேறிக் கடல் கடந்து அவர் முதன்முதலில் கால்வைத்த பிரெஞ்சு மண் மார்சேய்தான். கரை தெரிவதற்கு முன்பே குன்றின்மீது மாதாவின் உருவம் தெரிந்ததாக அவர் கூறியதை அத்தை இன்றும் மறக்கவில்லை. பிரயாணத்தைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தபோது, "அந்த மாதா கோயிலுக்குப் போகாம வர்றது எப்படிங்க மாப்பிள்ளை?" என்று அவர் கேட்ட கேள்விதான் எங்கள் சனிக்கிழமையின் பாதியை நிர்ணயித்தது. நோத்ர் தாம் தெ லா கார்த் என்ற அந்த ஆலயம் ஏறக்குறைய 150 மீட்டர் உயரமுள்ள குன்றில் நிற்கிறது. 1864-ல் அபிஷேகம் செய்யப்பட்டது. பழைய துறைமுகத்திலிருந்து பேருந்து உண்டு. முழங்கால் வலியுள்ள அத்தை படியேற வேண்டியதில்லை. உள்ளே நூலில் கோத்த சிறு சிறு கப்பல்கள் விதானத்திலிருந்து தொங்குகின்றன. புயலிலிருந்து மீண்ட மாலுமிகளும் அவர்களுடைய மனைவிமார்களும் நேர்ந்துகொண்டு செலுத்திய காணிக்கைகள் அவை. வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடன் செலுத்தி வளர்ந்த அத்தைக்கு அவற்றின் பொருளை யாரும் விளக்க வேண்டியிராது.

சனிக்கிழமைக் காலையைப் பழைய துறைமுகத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். இரவெல்லாம் கடலில் இருந்து திரும்பிய சிறு படகுகள் கரையோரம் நிற்க, தாழ்வான தட்டுகளில், தண்ணீர் சொட்டச் சொட்ட, இன்னும் செவுள் அசைந்துகொண்டிருக்கும் மீன்களை மீனவர்களும் அவர்களுடைய பெண்டிரும் கூவி விற்பார்கள். செந்நிறமும் முட்களும் கொண்ட ராஸ்காஸ் என்னும் பாறை மீன் அங்கே பிரசித்தம். அந்நகரத்தின் புகழ்பெற்ற பூயாபேஸ் குழம்புக்கு அது இன்றியமையாதது. குங்குமப்பூவும் சோம்பும் மணக்கும் சாறு முதலிலும், மீன் தனியாகப் பிறகும் பரிமாறப்படுவது அவ்வூர்ச் சம்பிரதாயம்.

அங்கிருந்து நடந்தே சென்றால் நொவாய் சந்தை. வெண்டைக்காயும் கொத்துமல்லிக் கட்டும் மரவள்ளிக் கிழங்கும் குவிந்திருக்கும் அத்தெருக்களில் அல்ஜீரியரும் கொமோரோ தீவினரும் ஆர்மீனியரும் தலைமுறை தலைமுறையாக நடமாடுகிறார்கள். அவர்களை வந்தேறிகள் என்று பழிப்பவர்கள் உண்டு. ஆனால் கிறிஸ்துவுக்கு 600 ஆண்டுகளுக்கு முன் இந்நகரத்தை ஸ்தாபித்தவர்களே சின்ன ஆசியாவின் போசேயா நகரத்திலிருந்து கப்பலேறி வந்த கிரேக்கர்கள். சுதேசத் தலைவனின் மகள் ஜிப்திஸ், தன் சுயம்வர விருந்தில், அன்றுதான் கரையிறங்கிய புரோத்திஸ் என்ற அந்நியனிடம் கிண்ணத்தை நீட்டி அவனையே வரித்தாள் என்று புராணக்கதை கூறுகிறது. வந்தவனுக்கும் இருந்தவளுக்கும் நடந்த விவாகத்திலிருந்து தன் பிறப்பைச் சொல்லிக்கொள்ளும் ஒரு நகரத்தில், நம்மைப் போன்றவர்கள் கூச்சத்தோடு நடக்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயல்வது எதையும் பார்க்காமல் திரும்புவதற்குச் சமானம் என்பதால், சிலவற்றை மனமறிந்தே விட்டுவிட்டோம். கலாங்க் குடாக்களுக்கு நடந்துபோக முழுநாள் வேண்டும். அத்தையோடு அது ஆகாது. லெ கோர்பூசியே 1952-ல் கட்டி முடித்த அடுக்கு மாளிகையும் அடுத்த முறைக்கு நின்றுவிட்டது. ஞாயிறு காலை, 2013-ல் திறந்த மியூசெம் அருங்காட்சியகத்துக்குப் போய், கான்கிரீட்டில் வலைபோல் வார்த்த அதன் சுவர் வழியே சமுத்திரத்தைப் பார்ப்போம்.

பிற்பகலை லா ஜொலியேத் துறைக்கு வைத்திருக்கிறேன். உல்லாசப் பிரயாணிகள் தேடிச் செல்லும் இடம் அன்று அது. ஆனால் 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்குப் போகும் வழியில் காந்தியடிகள் கரையிறங்கிய துறைமுகம் மார்சேய்தான் என்பதும், எங்கள் தென்னாற்காட்டுச் செம்மண் காடுகளின் விளைச்சல் வந்து குவிந்ததும் இங்கேதான் என்பதும் எனக்குப் பெரிய விஷயங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை, மூட்டை மூட்டையாகப் புதுச்சேரிக்கு வந்து, சலங்குப் படகுகளில் அலையைக் கடந்து, தூரத்தில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களில் ஏறி, 1869-ல் திறந்த சூயஸ் கால்வாய் வழியாக இந்நகரத்தின் எண்ணெய் ஆலைகளுக்கு வந்துசேர்ந்தது. உலகமெங்கும் பெயர்பெற்ற மார்சேய் சோப்புக்கும் அந்த எண்ணெய் பயன்பட்டது. 365 மீட்டர் நீளமுள்ள அக்காலக் கிடங்குக் கட்டடம் இன்று கடைகளும் அலுவலகங்களுமாக மாறி நிற்கிறது.

அந்த நீண்ட சுவரோரம் என் பிள்ளைகள் நடக்க வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறேன். இந்த நாடு நமக்கு வாழ்வளித்தது என்று நன்றியோடு அவர்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறோம், அது உண்மை. இந்த நாட்டின் செல்வத்தில் எங்கள் குடியானவர்களின் வியர்வையும், அதன் யுத்தங்களில் எங்கள் சொல்தாக்களின் ஆயுளும் சேர்ந்திருக்கின்றன என்பதும் அதற்குக் குறையாத உண்மை. இரண்டையும் அறிந்த பிள்ளை இங்கே விருந்தாளியாக ஒதுங்கி நிற்காது. எஜமானனாக இறுமாந்தும் நடக்காது. பாத்தியதை உள்ள பிரஜையாக நிமிர்ந்து வாழும். உறவினர் அழைப்பு ஒன்றை வணக்கத்தோடு மறுத்துவிட்டாவது, அவரவர் குடும்பம் வந்திறங்கிய துறைக்கு ஒரு சனி ஞாயிறு போய்வருமாறு இங்குள்ள அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.