அச்செழுத்தும் அதிகாரமும்

1902ஆம் ஆண்டு ஜேர்மனியின் லைப்சிக் நகரில், பெயர்ப்பலகை எழுதுபவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் யான் சிகோல்ற். 1928இல், தமது 26ஆம் வயதில், ‘புதிய அச்சுக்கலை’ என்னும் நூலை அவர் வெளியிட்டார். அலங்காரமற்ற எழுத்து, சமச்சீர் துறந்த பக்க அமைப்பு, ஓவியத்துக்குப் பதிலாக நிழற்படம் ஆகியனவே யந்திர யுகத்துக்குரியவை என அந்நூல் விதித்தது. மியூனிக் திரையரங்கு ஒன்றுக்காக அவர் ஆக்கிய சுவரொட்டிகளில் நிழற்படமும் எழுத்தும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 1929இல் பிரான்ஸ் றோவுடன் இணைந்து, அக்கால நிழற்படங்களை ‘படக்கண்’ என்ற தொகுப்பாகத் தந்தார்.

1933 மார்ச்சில் நாசிகள் அவரைச் சிறையிலிட்டனர். விடுதலையான பின் அவர் குடும்பத்துடன் சுவிற்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார். தம்மை ஒடுக்கிய ஆட்சியின் கட்டளை மனப்பான்மை தமது விதிகளிலும் சாயலாகப் படிந்திருந்ததை அங்கேதான் அவர் உணர்ந்தார். கொள்கையைக் கைவிட்டவரென 1946இல் மக்ஸ் பில் அவரைச் சாடியபோது, தம் மாற்றத்தை மறைக்காது எழுத்திலேயே விடையளித்தார். 1947 முதல் 1949 வரை இங்கிலாந்தில் பென்குவின் மலிவுப் பதிப்புகளைச் செம்மைப்படுத்தினார். 1967இல் வெளிவந்த அவரது சபோன் எழுத்து, 16ஆம் நூற்றாண்டின் கறமொன்ட் எழுத்தைத் தழுவியது. 1974இல் அவர் மறைந்தார்.

பிறர் பிழையைச் சுட்டுதல் எளிது. தமக்குப் புகழீட்டிய கொள்கையிலேயே பிழை கண்டு, அதனை உலகறிய ஒப்புக்கொண்ட நேர்மையே சிகோல்ற்றின் ஆக்கங்கள் அனைத்திலும் அரியது எனலாம்.