ஓர் அடியின் எடை

கதை மெலிந்து காட்சி கொழுத்த திரைப்படங்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது, 1973-ஆம் ஆண்டில் வெளிவந்த 'எண்டர் தி டிராகன்'. ராபர்ட் க்ளவுஸ் இயக்க, ஹாங்காங்கில் படமாக்கப்பட்டது. அதன் நாயகரான புரூஸ் லீ, படம் திரைக்கு வருமுன்பே, அவ்வாண்டு ஜூலை 20-ஆம் நாள் தமது 32-ஆம் வயதில் மறைந்தார். அவர் அமைத்த சண்டைக் காட்சிகளை, அரை நூற்றாண்டு கடந்த பின்னும் இளைஞர் வியந்து காண்கின்றனர்.

கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். ஹான் என்னும் கொடியவன் தனித்தீவு ஒன்றில் வாழ்கிறான். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை தற்காப்புக் கலைப் போட்டி நடத்துகிறான். அதன் மறைவில் போதைப்பொருள் தொழில் நடக்கிறது. ஷாவோலின் மடத்தில் பயின்ற வீரன் ஒருவன், உளவு அறியும் பொருட்டு அத்தீவுக்குச் செல்கிறான். அவன் பெயரும் லீதான். ஒரு துப்பாக்கியால் காரியத்தை முடித்துவிடலாகாதா என்று தொடக்கத்தில் அவனே கேட்கிறான். கிடைக்கும் விடையில் வலுவில்லை. துப்பாக்கி வந்துவிட்டால் கைச்சண்டைக்கு இடமில்லை. கைச்சண்டை இல்லையேல் படமே இல்லை. உண்மைக் காரணம் அவ்வளவே!

ஆயினும் அதன் அழகை மறுப்பது நேர்மையாகாது. வீண் அசைவு ஒன்றும் இல்லாத அந்த உடல், ஆண்டுகள் பல உழைத்துப் பெற்ற பயிற்சிக்குச் சான்று. இறுதியில் வரும் கண்ணாடி அறைக் காட்சியில், எது மெய், எது நிழல் என்று அறியாது திகைக்கும் லீ, தன் ஆசானின் அறிவுரையை நினைவுகூர்ந்து, கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உடைக்கிறான். மறக்கவொண்ணாத காட்சி அது.

ஆனால், என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. தீவின் அடியிலுள்ள சுரங்க அறைகளில் காவலர் பலர் லீயின் கையால் வீழ்கின்றனர். அவர்கள் யார், எவர் பெற்ற பிள்ளைகள், ஏன் அங்கே ஊழியம் செய்கிறார்கள் என்று கதை சொல்வதில்லை; நாமும் கேட்பதில்லை. அவர்களுள் ஒருவராக, கழுத்து முறிந்து விழுபவராக நடித்தவர், பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற ஜாக்கி சான். இன்று அக்காட்சியைக் காண்பவர்கள், "அதோ, ஜாக்கி சான்!" என்று பதறிக் கூவுகிறார்கள். அன்றோ, எவரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. பெயர் தெரிந்த பிறகுதான் விழுபவன் நமக்கு மனிதனாகிறான் போலும்.

கல்லூரியில் முதலாண்டு பயிலும் என் பேரனோடு அண்மையில் இப்படத்தைப் பார்த்தேன். சுழலும் கட்டைகளையும் பறக்கும் கால்களையும் கண்டு ஆரவாரித்துக் கொண்டிருந்தவன், ஓரிடத்தில் அமைதியானான். ஓஹாரா என்பவனை லீ காலால் மிதித்துக் கொல்லும் இடம் அது. அடித்தவனின் முகம் வலியால் கோணி நடுங்குவதை, திரை நெடுநேரம் காட்டுகிறது.

"வென்றவன் ஏன் தாத்தா இப்படி அழுவதுபோல் நிற்கிறான்?" என்று பேரன் கேட்டான்.

"அவன் சகோதரியின் சாவுக்குக் காரணமானவன் அல்லவா விழுந்து கிடப்பது? பழி தீர்ந்தது, அவள் திரும்பி வரவில்லையே, அப்பா!" என்றேன். அவன் மறுமொழி கூறவில்லை.

அப்படத்தில் அந்த ஓர் அடிக்கு மட்டும் கதை எடை தந்திருக்கிறது. பிற அடிகளெல்லாம் எடையற்றவை. ஆகவேதான் அவற்றைக் கைதட்டி இரசிக்க நம்மால் இயல்கிறது. கதை மெலிவது கலைக்குறை மட்டுமன்று. விழுபவனின் துன்பத்தை மறைத்து, வன்முறையை வெறும் ஆட்டமாகக் காட்டிவிடுகிறது.

அடியே விழாத வெற்றி ஒன்றும் அப்படத்தில் உண்டு. தீவுக்குச் செல்லும் கப்பலில் ஒரு முரடன் பணியாளரைத் துன்புறுத்திவிட்டு, லீயையும் சண்டைக்கு இழுக்கிறான். அருகிலுள்ள தீவில் மோதலாம் என்று கூறி, லீ அவனைச் சிறு படகில் இறங்கச் செய்கிறான். பின் கயிற்றைத் தளர்த்தி, படகை அலைகளிடையே விட்டு, கயிற்றை அப்பணியாளர் கையிலேயே கொடுத்துவிடுகிறான். அறிவு வென்றது, ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை. பேரன் வாய்விட்டுச் சிரித்ததும் அப்போதுதான்.

பெற்றோரே, வளர்ந்த பிள்ளைகள் இத்தகைய படங்களைக் காணவே செய்வார்கள். இயலுமானால் அவர்களோடு அமர்ந்து பாருங்கள். படம் முடிந்ததும், வென்றவன் யார் என்பதோடு நின்றுவிடாமல், விழுந்தவர்கள் யார் என்றும் கேளுங்கள். நல்ல உரையாடல் அங்கிருந்து தொடங்கும்.